ரோதிகா அழித்த படங்கள்

இலிங்கா சமையலறைக்குள் நுழைந்தபோது, அவள் அம்மா ரோதிகா, அப்பாவின் புதுக் கேமராவிலிருந்து படங்களை அழித்துக்கொண்டிருந்தாள்.

கை தவறி அல்ல. ஒவ்வொரு படமாகப் பார்த்து, குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அமுக்கி, நிதானமாக.

"என்னம்மா பண்றே?"

ரோதிகா திடுக்கிட்டுக் கேமராவை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "மெதுவாப் பேசு. உங்கப்பா இப்பத்தான் கண்ணசந்தார்."

"அவர் எடுத்த படத்தை அவர் தூங்கறப்ப அழிக்கிறியா?"

ரோதிகா கதவுப் பக்கம் பார்த்தாள்.

இலிங்காவுக்கு நெஞ்சு கொதித்தது. அப்பா நெலு, ஆற்றங்கரை ஊரான துல்ச்சாவின் படகுத்துறையில் முப்பது வருஷம் படகு ஓட்டியவர். இளவயசில் கேமராவும் கையுமாகவே திரிந்தவர். குளியலறையை இருட்டாக்கி அங்கேயே படம் கழுவுவார். மகள் பிறந்ததும், குழந்தை குளிக்கிற இடத்தில் மருந்துத் தண்ணீர் வேண்டாமென்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு, இந்த ஏப்ரலில்தான் பழைய ஆசை திரும்பியது. மூன்று பேருமாகக் கான்ஸ்டான்சா நகரத்துக்குப் போனார்கள். கடைக்காரரை இரண்டு மணி நேரம் குடைந்தெடுத்துத்தான் இந்தக் கேமராவை வாங்கினார்.

கடையிலேயே அம்மா முணுமுணுத்தாள். "இந்த வயசுல கழுத்துல இவ்வளவு பெரிய மணியா? மாடு தொலைஞ்சு போயிடுமோ?"

அன்று எல்லோரும் சிரித்தார்கள். இப்போது இலிங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்காக ஒரு தடவை விட்டாரு. இப்ப நீயும் விட வைக்கப் போறியா? பிடிக்கலைன்னா நேராச் சொல்லு. திருட்டுத்தனம் எதுக்கு?"

ரோதிகா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கேமராவை மகளிடம் நீட்டினாள். "நீயே பாரு."

முதல் படத்தில் ஒரு கூழைக்கடாப் பறவை. அதற்கு இரண்டு தலை. அடுத்தது படகுத்துறை, தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்திருந்தது. அதற்கடுத்தது அம்மா. மூக்கும் முழியும் ஒன்றாக இழுபட்டுப் புகையாகக் கிடந்தன.

"கை நடுங்குது அவருக்கு. டாக்டர் அவர்கிட்ட, வயசுக்கு வர்றதுதான், ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டார். என்னைத் தனியாக் கூப்பிட்டு, இது கூடிட்டேதான் போகும்னார்."

இலிங்கா உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"சூப் குடிக்கறப்ப ஸ்பூன் ஆடினா, சூப் சூடா இருக்குங்கறார். நானும் ஊதிக் குடிங்கன்னு சொல்லிட்டு விட்டுடறேன்." ரோதிகா கேமராவை வாங்கி அடுத்த படத்தைப் பார்த்தாள். அதையும் அழித்தாள். "நாப்பது எடுத்தா நாலு நல்லா விழுது. அந்த நாலை மட்டும் விட்டுவைப்பேன். சாயங்காலம் பார்த்துட்டு, 'ரோதிகா, என் கை இன்னும் போயிடலை பார்த்தியா'ம்பார். அன்னிக்கு இன்னொரு கரண்டி களி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்."

இலிங்கா நாற்காலியை அம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மிச்சப் படங்களை இரண்டு பேருமாகப் பார்த்து முடித்தார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று ஓர் இடத்தில் சண்டைகூட வந்தது.

மறுநாள் காலை, விடுமுறை முடிந்து புக்கரெஸ்டுக்குத் திரும்பும் இலிங்காவைப் பஸ் ஏற்றிவிட நெலு கூடவே நடந்தார். ஆற்றங்கரையில் நின்று, கம்பித் தடுப்பில் முழங்கையை ஊன்றி, எதிர்க்கரையைப் படம் எடுத்தார். அப்படியும் கேமரா ஆடியது. இலிங்கா வேறு பக்கம் பார்த்தாள்.

"நேத்து எடுத்ததெல்லாம் பார்த்தேன்ப்பா. ரொம்ப நல்லா இருக்கு."

"எந்த நாலு?" என்றார் நெலு.

இலிங்கா சட்டென்று திரும்பினாள்.

"படகுல ஏறின தலையை முப்பது வருஷம் எண்ணினவன் நான். எடுத்தது எத்தனை, இருக்கறது எத்தனைன்னு தெரியாதா?" அவர் கேமராவின் பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியை நகத்தால் திறந்தார். உள்ளே ஒன்றல்ல, இரண்டு மெமரி கார்டுகள். "எடுக்கற ஒவ்வொரு படமும் ரெண்டுலயும் விழும். மேல இருக்கறது உங்கம்மா அழிக்கறதுக்கு. கீழ இருக்கறது எனக்கு."

அவர் திரையில் காட்டிய கீழ்க் கார்டில் எல்லாம் இருந்தன. இரண்டு தலைக் கூழைக்கடா, கரைந்த படகுத்துறை, புகையாய்ப் போன அம்மா. ஏப்ரல் தொடங்கித் தேதிவாரியாக. மாதம் போகப் போகப் புகை கூடிக்கொண்டே வந்தது.

"இதை எதுக்குப்பா வெச்சிருக்கீங்க?"

"இன்னும் எத்தனை நாள் கேமரா பிடிக்கலாம்னு ஒரு கணக்கு வேணாமா? டாக்டர் வாயால வராதது இதுல வந்துடுது." அவர் மூடியை மூடப் பார்த்தார். விரல் இரண்டு தடவை வழுக்கியது. இலிங்கா வாங்கி மூடிக் கொடுத்தாள்.

"அப்ப அம்மாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

பஸ் வந்து நின்றது. நெலு அவள் பையை எடுத்துக் கொடுத்தார்.

"சொல்லிடாதே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிற தைரியத்துலதான் அவ என்னைக் கேலி பண்ணிட்டுத் திரியறா. தெரிஞ்சா, அந்தச் சிரிப்பு போயிடும்."