கிழங்கு மாத்திரை

"ஒரு வருஷமா இந்தப் பத்தொன்பது கிழவர்களையும் சாக விடாம வச்சிருக்கறது என்னோட மரவள்ளிக் கிழங்குதான்" என்றாள் ஆயா பூவம்மா.

புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஏரம்பமூர்த்தி சிரித்த சிரிப்பில் சிராங்கூன் சாலை எருமைகள் மிரண்டு ஓடியிருக்கும். ஜப்பான்காரன் தின்று தீர்த்துவிட்டதால் தப்பித்தன.

"விசர்க் கதை கதைக்காதை. காப்பாத்தினது என்ரை சல்ஃபா மாத்திரை."

அந்த முதியோர் இல்லத்தில் அவர் பதவி டாக்டருக்குக் கீழே, நினைப்பு டாக்டருக்கு மேலே. வெள்ளைக்கார டாக்டரை ஜப்பான்காரன் சிறைக்குக் கொண்டுபோன பிறகு நினைப்புக்குத் தடுப்பும் இல்லை.

கிருமியைக் கொல்லும் சல்ஃபா இருந்ததோ இரண்டே டப்பா. போர் முடியும்வரை இனிக் கப்பல் வராது.

அதை அவர் கல்யாண வீட்டுக் கற்கண்டுபோல் வாரி வழங்கினார். தும்மினால் ஒன்று. இருமினால் இரண்டு. கொட்டாவி விட்ட விஸ்வலிங்கத்துக்கு முன்னெச்சரிக்கையாக அரை.

கையைக் கழுவச் சொன்னால் மட்டும் கௌரவம் குறைந்துவிடும். ஒருவர் புண்ணைத் தொட்ட விரலோடு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

பார்த்தாள் பூவம்மா. ஒரு டப்பா தீர்ந்ததும் மற்றதைக் காலி அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். மரவள்ளி மாவைப் பிசைந்து, பேனா மூடியால் வில்லை வில்லையாக அழுத்தி, வெயிலில் காயவைத்து, அவர் காலி செய்த டப்பாவை நிரப்பி அதன் இடத்தில் வைத்தாள்.

கிழவர்களிடம் ஒன்று சொல்லிவைத்தாள்: சாம்பல் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவாதவனுக்கு இந்த மருந்து கேட்காது. கொடுக்கிற கையும் கழுவிய கையாக இருக்க வேண்டும்.

கிழவர்கள் ரேகை அழியக் கழுவினார்கள். கழுவாத டிரெஸ்ஸரைத் தடியால் தட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஊரையே வாரிக்கொண்டிருந்த சீதபேதி அந்த வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. வாரத்துக்கு என்று செய்த வில்லைகள் வியாழக்கிழமையே தீர்ந்துவிடும். அவ்வளவுமா தும்மினார்கள்?

இன்று பரமசிவத்துக்கு நிமோனியா. தும்மல் இல்லை, கொட்டாவி இல்லை, நிஜமான நிமோனியா. மூச்சு அறுந்து அறுந்து வந்தது. டிரெஸ்ஸரின் டப்பா காலி.

பூவம்மா பானைக்குள்ளிருந்த டப்பாவைக் கட்டிலில் வைத்து, இதுதான் மருந்து, இவ்வளவு நாள் அவர் கொடுத்தது கிழங்கு மாவு என்றாள். எத்தனை கொடுப்பது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நான் குடுத்ததுதான் சல்ஃபா. இது ஏதோ மா உருண்டை. இதை நம்பி உயிரோடை விளையாட ஏலாது."

"நாக்குல வச்சுப் பாருங்க ஐயா."

பரமசிவத்தின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

டிரெஸ்ஸர் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். கசப்பில் முகம் கோணியது.

அப்புறம் யாரும் சொல்லாமலே தொட்டிக்குப் போனார். முழங்கைவரை சோப்புப் போட்டார். நான்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, பரமசிவத்தின் தலையைத் தூக்கிப் புகட்டினார்.

"நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டு. காய்ச்சல் விட்டாலும் நான் சொல்லும்வரைக்கும் நிப்பாட்டாதை."

பூவம்மா தலையாட்டினாள்.

அவர் அவளைப் பார்க்காமல் கையைத் துடைத்தார்.

"நீ சொன்னது மெய்தான். மற்றது இனிச்சது. வெறும் வயித்துக்கு நல்லாயிருந்தது."