கூப்பிட்ட குரலுக்கு

வின்சென்ட்டுக்கு உடம்பில் உப்புச்சத்து குறைந்து புத்தி தடுமாறியது. மெல்லத் தெளியும், கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுங்கள் என்றார் டாக்டர். ஜன்னலில் தெரிந்த செஞ்சிக் கோட்டை மலையைக் காட்டி, "மலைய யாரு இங்க நவுத்துனது?" என்று கேட்டார் வின்சென்ட். அதையெல்லாம் லூசி பொறுத்துக்கொண்டாள். அவர் "அமலு" என்று கூப்பிட்டபோதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது.

அமலோற்பவம் அவருடைய செத்துப்போன முதல் மனைவி. கல்லறைத் திருநாள்தோறும் அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவளே லூசிதான். இரண்டாம் தாரமாக வந்த அந்த லூசிக்கு அவர் ஒரு செல்லப் பெயர்கூட வைத்ததில்லை.

லூசி கஞ்சியை நீட்டினால் வாயை மூடிக்கொண்டார். "அமலுவ வரச்சொல்லு."

வேறு வழியில்லாமல் சமையலறைக்குள் போய் நின்று, அவர் கூப்பிட்டதும், "தோ வந்துட்டேங்க" என்றாள். வந்து ஊட்டினாள். சமர்த்தாகக் குடித்தார். அதன்பின் வேளாவேளைக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு, அமலுவாகவே பதில் சொன்னாள்.

ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கையில், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வின்சென்ட் ஜன்னலைப் பார்த்தார்.

"மலை அது எடத்துலதான் இருக்குது" என்றார். பிறகு, "லூசி" என்று கூப்பிட்டார்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாய் திறப்பதற்குள், ஆளில்லாத சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"தோ வந்துட்டேங்க."