பனி ஏரிக்கு அடியில்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்த விளையாட்டு மாநாட்டில், வெர்லின் தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நண்பர்கள் கூடி, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் வீரர்களாகப் பகடை உருட்டி ஆடுகிற சாகச விளையாட்டுக்கான புத்தகம் அது. உறைந்த ஏரிக்கு அடியிலுள்ள குகைக்குள் வீரர்கள் இறங்குவார்கள். மகள் கிர்ஸ்டன் ஏரிப் பனி உடைந்து மூழ்கி இறந்த பிறகு எழுதியது. அவளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பக்கத்தில் மனைவி மார்லிஸ் புத்தகங்களை விற்றுக்கொண்டிருந்தார்.

ஒஹாயோவிலிருந்து வந்த இளைஞன், "சார், அந்தக் குட்டிப் பொண்ண எங்களால காப்பாத்த முடியல" என்றான்.

"இதுல பூதம்தான் உண்டு. பொண்ணு ஏதுப்பா?"

"புத்தகத்துல இல்லதான் சார். ஆனா கதை சொல்றப்ப அவ பேச்சு என் வாயில தானா வந்துச்சு. ஒத்தக் கையுறையோட நின்னா."

கிர்ஸ்டனை வெளியே எடுத்தபோதும் ஒரு கையில்தான் கையுறை இருந்தது. வெர்லின் பேனாவை மூடிவைத்தார்.

மதியம் அயோவாக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். "நாங்க அந்தக் குட்டிப் பொண்ண மேல கொண்டுவந்துட்டோம் சார்!" என்றாள் பெருமையாக. "ஒரே நடுக்கம். வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்கன்னா. வழி காட்டி அனுப்பிட்டோம்."

மார்லிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"கெளம்பு வெர்லின். வீட்டப் பூட்டிட்டுல்ல வந்திருக்கோம்."