இருபத்தைந்து வாட்

“ஒரு ஆளைக் கொன்னுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிக்கிற.”

சூப்பர்வைசர் ரேடியோ மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார். மெக்கானிக் அவருடைய ஜீப்புக்குள் குனிந்து, ரேடியோவுக்கும் ஆண்டெனா ஒயருக்கும் நடுவே மீட்டரை மாட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் கல்குவாரியின் மேல்தட்டில் நின்ற டிப்பர், ஓரம் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. டிரைவர் பிழைக்கவில்லை. விழுவதற்கு முன்னால் அவர் சூப்பர்வைசரை ரேடியோவில் மூன்று முறை கூப்பிட்டதை மற்ற டிரைவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

ஜீப்பில் எதுவுமே கேட்கவில்லை, ஆண்டெனா கோளாறு என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆண்டெனாவைப் பொருத்தியவர் இந்த மெக்கானிக். ஆண்டெனாவின் அடி இரும்பில் படும்படி ஜீப் கூரையில் பெயிண்டைச் சரியாகச் சுரண்டாமல் விட்டுவிட்டோமோ என்று ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“சார், அந்த மைக்கைக் கொஞ்சம் குடுங்க. பட்டனை அமுக்கினாத்தான் மீட்டர் காட்டும்.”

“நீ தொடாத. அமுக்குற மாதிரி அமுக்கி ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவ. நானே அமுக்குறேன்.”

“சரி. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க.”

சூப்பர்வைசர் மைக்கை எடுத்துக் கழுத்தை நெரிப்பதுபோல் அமுக்கினார். ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது, மீட்டரின் முள் எழுந்தது.

ஆண்டெனாவுக்குப் போகிற பவர் இருபத்தைந்து வாட். திரும்பி வரும் பவரைக் காட்ட மெக்கானிக் மீட்டரின் ஸ்விட்சைத் திருப்பினார். ஆண்டெனா கெட்டிருந்தால் போன பவரில் பாதி திரும்பி வரும். முள் பூஜ்யத்தை விட்டு மயிரிழைகூட நகரவில்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆண்டெனா நல்லா இருக்கு சார். பேசுறதுக்கும் கேக்குறதுக்கும் இந்த ஒரே ஆண்டெனாதான். அந்த மனுஷன் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்காம இருந்திருக்காது.”

சூப்பர்வைசர் மைக்கின் பட்டனை அமுக்கியபடியே மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே வந்தார்.

“ஆமாய்யா, கேட்டுச்சு. ஓரம் விரியுது, இறங்கிடட்டுமான்னு மூணு வாட்டியும் கேட்டுச்சு. லோடு முடியட்டும்னு நான்தான் பேசாம இருந்தேன். போ, போய் யார்கிட்ட வேணா சொல்லு. என் பேச்சை விட்டுட்டு உன் பேச்சை எவன் நம்புவான்?”

மெக்கானிக் ரேடியோவில் இன்னும் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

“நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல சார். டெஸ்ட் முடிஞ்சுது. இப்ப பட்டனை விடுங்க.”

சூப்பர்வைசரின் விரல் விலகியது. ஸ்பீக்கர் ஒரு நொடி கரகரத்தது. பிறகு, ஆபீசில் ரேடியோ முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குரல் வந்தது.

“எல்லா வண்டியிலயும் தெளிவா கேட்டுச்சு சார்.”