கடைசிப் பக்கம்

"படிச்சிட்டேன்னு சொன்னா உடனே நம்பிடுவியாம்மா?" என்று மகள் ஒருமுறை கேட்டதிலிருந்து யமுனாவுக்கு அந்தச் சொல்லின் மேலேயே சந்தேகம். நோயாளிகளின் கோப்புகளைப் படித்து மருத்துவருக்குச் சுருக்கிச் சொல்லும் ஏஐ ஒன்றை அலுவலகத்தில் சோதித்துக்கொண்டிருந்தாள். நீண்ட கோப்பு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் 'பென்சிலின் ஒவ்வாது' என்றிருந்தது. ஏஐயோ, "முழுவதும் படித்தேன், ஒவ்வாமை எதுவும் இல்லை" என்றது.

"கூசாம பொய் சொல்லுது பாருங்க சார்."

"நம்மளப் பாத்துக் கத்துக்கிட்டதுதானே," என்று சிரித்துக்கொண்டே, பக்கத்து இருக்கையின் மூத்த ஊழியர் அடைக்கலம் சாப்பிடப் போனார்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. ஏஐக்குக் கோப்பை எடுத்துத் தரும் கருவியைப் பற்றி அதற்கென்று எழுதிவைத்த குறிப்பைத் திறந்தாள். 'கோப்பு முழுவதையும் தரும்' என்றிருந்தது. கருவி பாதியிலேயே நின்றுவிடுவதை அவள் பார்த்திருக்கிறாள். ஏஐ குறிப்பை நம்பியிருந்தது, அவ்வளவுதான். எழுதியவர் அடைக்கலம். மாலையில் சோதனையைப் பார்வையிடும் மேலாளர் இதைப் பார்த்தால் அடைக்கலத்தின் வேலை போய்விடும்.

அவள் சேர்ந்த புதிதில் செய்த பிழையொன்றை அவர் யாரிடமும் சொல்லாமல் திருத்தியிருந்தார். அவளுக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

யமுனா அடைக்கலத்தின் இருக்கையில் உட்கார்ந்து குறிப்பை மாற்றினாள்: 'முதல் பகுதி மட்டுமே வரும். மீதியையும் கேட்டுப் படி. படிக்காததைப் படித்ததாகச் சொல்லாதே.' மறுபடி கேட்டபோது ஏஐ பென்சிலினைச் சொன்னது. சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் கேட்டாள். பிறகு, அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.