நிறுத்துங்க சார்

“நிறுத்துங்க சார்.”

சொன்னது தான்தான் என்பது ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்கே உறைத்தது.

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். இருந்தும் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை என்று தெரிந்தது.

அவள் பயிற்சி டாக்டர். நோயாளியின் வயிற்றுக்குள் விட்ட கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவள் வேலை. அவள் நிறுத்தச் சொன்னது தலைமை சர்ஜனை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘புலி’. அவர் வந்தால் வராந்தாவில் நாற்காலிகூட எழுந்து நிற்கும் என்பார்கள்.

“என்ன சொன்னே?”

“அது... பித்தப்பைக் குழாய் இல்ல சார். கல்லீரல்லேர்ந்து வர்ற பெரிய குழாய் மாதிரி தெரியுது.”

மேஜையில் மயக்கத்தில் கிடந்தவர் ஒரு லாரி டிரைவர். பித்தப்பையில் கல். சின்னக் குழாயை அறுத்துப் பித்தப்பையை எடுத்துவிட்டால் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடலாம். பக்கத்தில் இருக்கும் பெரிய குழாயை அறுத்துவிட்டாலோ, மனுஷனுக்கு ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிதான் கதி.

புலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கருவியை வெளியே எடுத்து சிஸ்டரிடம் கொடுத்தார். எதிரே நின்ற இன்னொரு சர்ஜனிடம், “மிச்சத்தை நீங்க முடிங்க” என்றார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இவள் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கை கழுவும் இடத்தில் அந்த இன்னொரு சர்ஜன் அவள் காதருகே வந்தார்.

“நீ சொன்னதுதான் சரி. ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே.”

சிஸ்டர் வேறு தன் பங்குக்கு ஆரம்பித்தார். “நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா நாலு பேர் முன்னால சொல்லிட்டியே. அவர் பாதியில வெளிய போய் நான் பார்த்ததே இல்ல. உன் பரிட்சைக்கு மார்க் போடப் போறவரும் அவர்தானே?”

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜூனியர்களைப் பயமில்லாமல் வாய் திறக்க வைப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவரே புலிதான். பயிற்சி அறையில் ரப்பர் வயிற்றை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தப்பாக அறுப்பார். யார் தடுக்கிறார்கள் என்று பார்ப்பார். இவள் முறை வந்தபோது இவள் தடுக்கவில்லை.

“தப்புன்னு தெரிஞ்சுதா, இல்லியா?”

“தெரிஞ்சுது சார்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு...”

அதற்கு அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. இன்று வாயைத் திறந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாலும் பயம் போகவில்லை.

வெளியே டிரைவரின் மனைவி, கணவரின் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“டாக்டரம்மா, பெரிய டாக்டர் விறுவிறுன்னு போனாரே. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லியே?”

“நல்லா இருக்காரும்மா. கொஞ்ச நேரத்துல பார்க்கலாம்.”

அந்தம்மாவின் கண்ணைப் பார்க்காமலே சொன்னாள். அந்தம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

அதற்குள் ஆஸ்பத்திரித் தலைவரிடமிருந்து ஆள் வந்தாயிற்று. உடனே வரச் சொன்னாராம். பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘எங்க வீட்டு சர்ஜன்’ என்று அவளை அறிமுகப்படுத்தும் அப்பாவிடம் என்ன சொல்லி வீட்டுக்குப் போய் நிற்பது?

அறையில் தலைவர் உட்கார்ந்திருந்தார். புலி ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

“உட்காரும்மா. ரொம்பப் பயந்துட்டியா?”

அவள் உட்காரவில்லை. “சாரி சார். நான் வேணும்னு...”

“அட, சாரி எதுக்கு? அது பரிட்சைம்மா. ரப்பர் வயித்துல செய்யறதை இன்னிக்கு இங்க செஞ்சு பார்த்தார். நீ சொல்லலேன்னாலும் அவரே நிறுத்தியிருப்பார். நீ பாஸ். யார் கேட்டாலும் இதையே சொல்லிடு, சரியா?”

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. “சரி சார். ரொம்ப தேங்க்ஸ் சார்.”

தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். “பார்த்தீங்களா டாக்டர்? விஷயம் இவ்வளவுதான்.”

புலி திரும்பினார்.

“பரிட்சை இல்லம்மா. நிஜமாவே அறுத்திருப்பேன்.”

“டாக்டர், எதுக்கு இப்போ இதெல்லாம்...”

“பரிட்சைன்னு சொல்லி அனுப்பினா, நாளைக்கு இன்னொருத்தர் தப்புப் பண்ணும்போது அதுவும் பரிட்சைதான்னு இவ சும்மா நின்னுடுவா சார்.” அவள் பக்கம் பார்த்தார். “உன் மேல கோவம் இல்ல. தப்புன்னு தெரிஞ்சதும் எனக்குப் பதற்றம் வந்துடுச்சு. பதறின கையில கத்தி இருக்கக் கூடாதுன்னு உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அதான் வெளிய வந்துட்டேன்.”

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி, நமக்குள்ள இருக்கட்டும். அந்த டிரைவர் சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

“அவங்ககிட்டதான் இப்போ சொல்லப் போறேன்.”

புலி கதவருகே போய்க் கைப்பிடியில் கை வைத்தார். திறக்கவில்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தம்மா சட்டையோடு நிற்பது தெரிந்தது.

அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார்.

“நீயும் கூட வாம்மா. எனக்குப் பயமா இருக்கு.”