பாட்டனுக்கு முளைத்த முகவாய்

கரக்... கரக்... கரக்...

இருட்டியதும் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்திலிருந்து அந்தச் சத்தம். முதுகில் கட்டியிருந்த என் பிள்ளை எவோய்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான்.

காவல்காரர் லோக்வாங் தடியோடு ஓடிவந்தார்.

"எவோய் அம்மா! உள்ளே மண்டையோடு பல்லைக் கடிக்குது!"

"பிளாஸ்டர் மண்டையோடு எப்படிண்ணே கடிக்கும்? போய்ப் பாருங்க."

"நானா? எனக்கு வாசல் காவல் மட்டும்தான். மண்டையோடெல்லாம் உன் பாடு."

என் கவலை வேறு.

மறுநாள் காலையில் மாணவிகளுக்கு உயிரியல் செய்முறைத் தேர்வு. மேசையில் மூன்று மண்டையோட்டு வார்ப்புகள்: சிம்பன்சி, எங்கள் துர்க்கானா ஏரிக்கரை மண்ணில் கிடைத்த ஆதிப் பாட்டன், இன்றைய மனிதன். அவற்றைத் துடைத்து அடுக்குவது என் வேலை. அந்த அறைக்குள் கைக்குழந்தையோடு நுழைந்தால் அன்றோடு வேலை போச்சு. தலைமையாசிரியை சிஸ்டர் பெர்பெத்துவாவின் சட்டம் அது. பிள்ளையை விட்டுவிட்டு வர எனக்கு ஆளில்லை. புருஷன் ஆராய்ச்சிக்காரர்களோடு பழைய எலும்பு தோண்டப் போய் இரண்டு மாதம்.

மதியம் திருட்டுத்தனமாக நுழைந்தேன். எவோய் விட்டான் ஓர் உதை! பாட்டனும் மனிதனும் உருண்டார்கள். தாடைகள் கழன்று ஓடின. அவனை மடியில் இடுக்கிக்கொண்டு, அவசரமாகப் பசை தடவி ஒட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இப்போது ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

சிஸ்டரேதான்! மடியில் பாட்டன், கையில் சின்னக் கத்தி.

எவோய் விக்கினான்.

"விக்கிறவனும் அவங்க அம்மாவும் உள்ளே வரலாம்," என்றார் சிஸ்டர், திரும்பாமலே.

மாதாவை வேண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"இது யாரு?"

"பாட்டன், சிஸ்டர்."

"புருவ மேடு துருத்தியிருக்கு. நெத்தி பின்னால சாயுது. சரி. சாயங்காலம் நான் வந்து பார்த்தப்போ முகவாய் எப்படி இருந்துச்சு தெரியுமா? கூரா, எடுப்பா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி! பாட்டனுக்கு ஏதுடி முகவாய்?"

"ஐயோ... தாடை மாறிப் போச்சா?"

"பக்கத்துல நம்ம மனுஷன் முகவாயே இல்லாம, வாயை முன்னால தள்ளிக்கிட்டு இளிக்கிறான். பொண்ணுங்க இதைப் பார்த்து எழுதியிருந்தா, நாமதான் பாட்டன், அவருதான் பேரன்!"

பயத்தையும் மீறி எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. சிஸ்டரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிம்பன்சி மட்டும்தான் எங்கள் மூவரையும் அடக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு தாடையையும் கழட்டிச் சரியா மாத்தி ஒட்டிட்டேன்," என்று கண்ணைத் துடைத்தார்.

"அப்போ இன்னும் எதைச் சுரண்டுறீங்க, சிஸ்டர்?"

பாட்டனின் கன்ன எலும்பை விளக்கருகே திருப்பினார். காய்ந்த பசையில் வரிசையாகப் பிஞ்சு விரல் தடங்கள்.

"காலையில தேர்வாளர் வந்து கேட்டா, சிம்பன்சி தடவிச்சுன்னு சொல்லவா? விசாரணைன்னு வந்தா உன் வேலையை என்னாலயும் காப்பாத்த முடியாது."

எவோயின் பிசுபிசுத்த விரல்களைத் துணிக்குள் மறைத்தேன்.

வராந்தாவில் லோக்வாங்கின் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.

"அந்த ஓட்டைவாயன் வர்றான்! இன்னும் கட்டைவிரல் தடம் ஒண்ணு பாக்கி. பிள்ளையை என் மடியில போட்டுட்டுப் போய்க் கதவைச் சாத்து," என்றார் சட்டம் போட்டவர்.

ஓடிப்போய் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.